பதினாலு மணி நேரம் பக்கத்து சீட்டோட: விமானப் பயணம் பத்தி உங்க கேள்விகள்

நீண்ட தூர ஃப்ளைட்ல கூட வர்றவங்களால என்னென்ன அவஸ்தை படுறீங்கன்னு கேட்டிருந்தோம். வந்த கடிதங்கள்ல முக்கால்வாசி பேர் ஒரே கதையைத் தான் எழுதியிருக்காங்க, ராத்திரி பூரா தூங்கல, கால் மரத்துப் போச்சு, தலைவலி வந்துடுச்சு, ஆனா அந்த ஆள்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. எனக்கு அது தான் ரொம்ப வருத்தமா இருக்கு. ரெண்டு மணி நேரப் பயணம்னா பல்லைக் கடிச்சிட்டு இருந்துடலாம், பதினாலு மணி நேரம் அப்படி இருக்க முடியாது. அதனால கீழ நிறைய பதில்ல நான் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்றது போலத் தெரியும், பரவாயில்ல, சொல்லித் தான் ஆகணும்: கோபம் தலைக்கேறுறதுக்கு முன்னாடியே, மெதுவா, நேரா, அவங்ககிட்டயே சொல்லிடுங்க.

கேள்வி: டேக் ஆஃப் ஆன அடுத்த நிமிஷமே முன் சீட்காரர் சீட்டை முழுசா சாச்சிட்டார், இறங்குற வரைக்கும் நிமித்தவே இல்ல. நான் உயரமான ஆள், முட்டி ரெண்டும் இடிச்சிட்டே இருந்துச்சு, லேப்டாப்பைத் திறக்கக் கூட முடியல. இதுக்கு ரூல் எதுவும் கிடையாதா?

பதில்: ரூல்னு பாத்தா உங்களுக்குச் சாதகமா கொஞ்சம் தான் இருக்கு. டேக் ஆஃப், லேண்டிங் சமயத்துல எல்லா சீட்டும் நிமிந்து இருக்கணும், அது பாதுகாப்பு விதி, ஏன்னா அவசரமா வெளிய ஓட வேண்டி வந்தா பின்னாடி இருக்கிறவங்களுக்கு வழி வேணும். சாப்பாட்டு நேரத்துல நிமித்தச் சொல்றது பழக்கம், பெரும்பாலும் க்ரூவே வந்து சொல்லிடுவாங்க. மத்த நேரத்துல சாய்க்கிற பட்டனை அந்த சீட்ல வச்சதே சாய்ஞ்சுக்கத் தான், அவரும் அதுக்குத் தான் காசு கொடுத்திருக்கார். பிரச்சனை எங்கன்னா எகானமில ஒரு சீட்டுக்கும் அடுத்த சீட்டுக்கும் நடுவுல 31, 32 இஞ்ச் தான் இருக்கும், அதுலயும் சீட்டோட தடிமன் போக மிச்சம் தான் உங்க காலுக்கு, அதுக்குள்ள அவர் நாலு இஞ்ச் பின்னாடி வந்தா நீங்க எங்க போவீங்க. இந்த அளவை முடிவு பண்ணது ஏர்லைன்ஸ், ஆனா சண்டை போட்டுக்கிறது நீங்களும் அவரும்.

அவர் காதுல விழற மாதிரி பெருமூச்சு விடுறது, சீட்டை முட்டியால தள்ளுறது இதெல்லாம் எந்தக் காலத்துலயும் வேலை செய்யாது, அவருக்கு எரிச்சல் தான் வரும், இன்னும் அழுத்திச் சாய்வார். எழுந்து அவர் பக்கமா போய், முகத்தைப் பாத்து, "சார், என் கால் கொஞ்சம் நீளம், முட்டி இடிக்குது, பாதி அளவுக்குச் சாய்ச்சுக்கிறீங்களா?" ன்னு கேளுங்க. இங்க "பாதி" ங்கிற வார்த்தை முக்கியம். முழுசா நிமித்துங்கன்னு சொன்னா அவரோட தூக்கத்தையே பிடுங்குற மாதிரி, பாதின்னா விட்டுக் கொடுக்க அவருக்கும் ஒரு இடம் கிடைக்குது. லேப்டாப்ல முடிக்க வேண்டிய வேலை இருந்தா அதையும் நேரத்தோட சொல்லுங்க, "இன்னும் ஒரு மணி நேரம் மட்டும், அப்புறம் நீங்க தாராளமா சாஞ்சுக்கோங்க" ன்னு. முடிவு தெரிஞ்ச சங்கடத்தை மனுஷங்க தாங்கிப்பாங்க.

முன் சீட் சாயவே முடியாம தடுக்குறதுக்கு ட்ரேல மாட்டுற ஒரு ப்ளாஸ்டிக் கிளிப் இருக்கு, Knee Defender (முட்டியைக் காக்குறது) னு பேரு, அதை வாங்கலாமான்னு இன்னொரு வாசகர் கேட்டிருந்தார். தயவு செஞ்சு வாங்காதீங்க. 2014 ஆகஸ்ட்ல அமெரிக்காவுல நெவார்க்ல இருந்து டென்வர் போன ஒரு ஃப்ளைட்ல ஒருத்தர் இதை மாட்டிட்டார், முன் சீட்ல இருந்த பெண்ணால சாய முடியல, க்ரூ எடுக்கச் சொல்லியும் அவர் எடுக்கல, அந்தப் பெண் தண்ணியை அவர் மேல ஊத்திட்டாங்க, பைலட் ஃப்ளைட்டைச் சிக்காகோவுல இறக்கி ரெண்டு பேரையும் இறக்கி விட்டுட்டுப் போனார். இத்தனைக்கும் ரெண்டு பேரும் இருந்தது கால் வைக்க கூடுதல் இடம் இருக்கிற சீட்ல! அதுக்கப்புறம் பத்து நாளுக்குள்ள இதே சாய்ற சண்டையால இன்னும் ரெண்டு ஃப்ளைட் வேற ஊர்ல இறங்குச்சு. மூணு விமானத்துலயும் இருந்த மத்தவங்களை நினைச்சுப் பாருங்க, அவங்க என்ன பண்ணாங்க.

உயரமான ஆளா இருந்தா அடுத்த தடவை எமர்ஜென்சி எக்ஸிட் வரிசையையோ, முன்னாடி சுவர் மட்டும் இருக்கிற முதல் வரிசையையோ பாருங்க. பணம் கூட ஆகும், ஆனா எக்ஸிட் வரிசையில காலுக்கு இடம் கூடுதலா இருக்கும், முதல் வரிசையில முன்னாடி சாய ஆளே இருக்காது.

கேள்வி: பின் சீட்ல ஒரு குழந்தை, அஞ்சாறு வயசு இருக்கும், முதுகுல உதைச்சிட்டே வந்துச்சு. ரெண்டு தடவை திரும்பி முறைச்சேன், அம்மா அப்பா கண்டுக்கவே இல்ல.

பதில்: முறைச்சா அவங்களுக்கு எதுக்கு முறைக்கிறீங்கன்னே தெரிஞ்சிருக்காதுங்க. குழந்தை காலை ஆட்டுறது பக்கத்துல இருக்கிறவங்களுக்குச் சின்ன அசைவா தான் தெரியும், அது உங்க முதுகுல எப்படி இறங்குதுன்னு உங்களுக்கு மட்டும் தான் தெரியும். அந்த வயசுல குழந்தையோட கால் தரையைத் தொடாது, சீட்ல நேரா நீட்டினா உங்க சீட் முதுகு தான் பாதத்துக்கு எதிர்ல வரும். அம்மா அப்பாகிட்ட மட்டும் பேசுங்க, குழந்தையை நீங்க அதட்டினா எவ்வளவு நல்ல பெற்றோரா இருந்தாலும் உங்க பேச்சைக் கேக்கிறதை விட்டுட்டுக் குழந்தைக்கு வக்காலத்து வாங்க ஆரம்பிச்சுடுவாங்க. "குழந்தையோட கால் என் முதுகுல படுது, கொஞ்சம் பாத்துக்கிறீங்களா" ன்னு சிரிச்ச முகமா ஒரு தடவை. அப்பவும் நிக்கலன்னா க்ரூகிட்ட சொல்லுங்க. சில பேர் குழந்தையோட ஷூவைக் கழட்டி விட்டுடுவாங்க, ஒரு பெரியவங்க சீட் மாறி உக்காந்துப்பாங்க, அதுலயே பாதிப் பிரச்சனை தீந்துடும்.

கேள்வி: நான் மறுபக்கத்துல இருந்து எழுதுறேன். என் பாப்பாவுக்கு பத்து மாசம். போன பயணத்துல ஃப்ளைட் இறங்க ஆரம்பிச்சதும் வீறிட்டு அழுதா, நிக்கவே இல்ல. சுத்தி இருந்தவங்க பாத்த பார்வையில நான் கூனிக் குறுகிப் போயிட்டேன். அடுத்த மாசம் மறுபடி போகணும், பயமா இருக்கு. மத்தவங்களுக்குத் தொந்தரவு கொடுக்கிற பயணி நான் தானா?

பதில்: இல்லம்மா. இந்தப் பகுதியில வேற எதையும் படிக்கலன்னாலும் இதை மட்டும் நம்புங்க, நீங்க யாருக்கும் எந்தத் தப்பும் பண்ணல. குழந்தை அழறதுக்கும் பக்கத்து சீட்காரர் ஸ்பீக்கர்ல படம் பாக்குறதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அவருக்கு நிறுத்த முடியும், நிறுத்தல. குழந்தைக்கு வலிக்குது, வேற எப்படிச் சொல்லும்.

ஏன் இறங்கும்போது அழறான்னு தெரிஞ்சா உங்களுக்குப் பயம் குறையும். ஃப்ளைட் 35,000 அடியில பறந்தாலும் உள்ள காத்தழுத்தத்தை 6,000ல இருந்து 8,000 அடி உயர மலையில இருக்கிற அளவுக்கு வச்சிருப்பாங்க. இறங்க ஆரம்பிச்சதும் அரை மணி நேரத்துக்குள்ள அது தரை அழுத்தத்துக்கு ஏறணும். காதுக்குள்ள செவிப்பறைக்குப் பின்னாடி இருக்கிற காத்து அதுக்கு ஏத்த மாதிரி சமமாகணும்னா மூக்குக்குப் பின்னாடி போற ஒரு குட்டிக் குழாய் திறக்கணும். பெரியவங்களுக்குக் கொட்டாவி விட்டா, எச்சில் முழுங்கினா திறந்துடும். குழந்தைகளுக்கு அந்தக் குழாய் ரொம்பக் குறுகலா, படுத்த வாக்குல இருக்கும், தானா சீக்கிரம் திறக்காது, செவிப்பறை உள் பக்கமா இழுபட்டு வலிக்கும்.

அதனால செய்ய வேண்டியது, இறங்க ஆரம்பிக்கிறோம்னு பைலட் சொல்றப்பவே பாப்பா தூங்கிட்டு இருந்தாலும் எழுப்பிடுங்க, தூக்கத்துல முழுங்குறது குறைவு. பால் கொடுங்க, பாட்டிலோ, தாய்ப்பாலோ, இல்ல சூப்பானோ, எதையாவது உறிஞ்சி முழுங்கிட்டே இருக்கணும். இதுக்காக அதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் போல பால் கொடுக்காம கொஞ்சம் பசியோட வச்சிருந்தா நல்லா குடிப்பா, மேல ஏறும்போதும் இதே தான். சளி பிடிச்சிருந்தா இந்த வலி ரொம்ப அதிகமாகும், பயணத்துக்கு முன்னாடி டாக்டர்கிட்ட காட்டிட்டுக் கிளம்புங்க. டிக்கெட் போடும்போதே தொட்டில் சீட் கேளுங்க, எடை வரம்பு ஏர்லைன்ஸுக்கு ஏர்லைன்ஸ் மாறும், பத்து மாசக் குழந்தைக்கு விசாரிச்சுக்கிறது நல்லது.

பக்கத்துல இருக்கிறவங்களுக்குக் காதடைப்பானும் சாக்லேட்டும் பொட்டலம் போட்டு மன்னிப்புச் சீட்டு எழுதிக் கொடுக்கிற பழக்கம் ஒண்ணு இப்ப பரவிட்டு வருது, நீங்களும் அதைப் பண்ணணுமோன்னு நினைக்கலாம். வேண்டாம்னு தான் நான் சொல்லுவேன். ஏற்கனவே குழந்தை, பை, பால், டயப்பர்னு அல்லாடுற ஒரு தாய் இருபது பேருக்கு முன்கூட்டியே மன்னிப்புக் கேக்கணும்னு எதிர்பாக்கிறது எனக்கு நியாயமாவே படல. ஏறினதும் பக்கத்துல இருக்கிறவங்களைப் பாத்து ஒரு வணக்கம், ஒரு சிரிப்பு, அது போதும்.

அழுகையால தூக்கம் கெடுறவங்களுக்கும் ஒரு வார்த்தை. நாய்ஸ் கேன்சலிங் ஹெட்ஃபோன் இன்ஜின் இரைச்சல் மாதிரி ஒரே சீரான தாழ்ந்த சத்தத்தைத் தான் நல்லா அடக்கும், குழந்தை அழறது மாதிரி கீச்சுன்னு ஏறி இறங்குற சத்தத்துக்கு அவ்வளவா உதவாது. அதுக்கு விரல்ல உருட்டிக் காதுக்குள்ள வைக்கிற ஃபோம் காதடைப்பான் தான் சரி, அதை வச்சு அது மேல ஹெட்ஃபோனையும் போட்டா ரெண்டு சத்தமும் குறையும்.

கேள்வி: ஹெட்ஃபோன் இல்லாம மொபைல்ல சத்தமா வீடியோ பாக்கிறவங்களை என்ன பண்றது?

பதில்: நேரா சொல்லுங்க, "ஹெட்ஃபோன் இருக்கா உங்ககிட்ட? இல்லன்னா க்ரூகிட்ட கேட்டா தருவாங்க." அவ்வளவு தான். இதுல சுத்தி வளைக்கத் தேவையே இல்ல, நிறைய ஏர்லைன்ஸ் விதியிலயே ஹெட்ஃபோன் போட்டுத் தான் கேக்கணும்னு இருக்கு. அவர் மறுத்தா க்ரூவைக் கூப்பிடுற கால் (call) பட்டனை அழுத்திடுங்க.

கேள்வி: நடைபாதை ஓரத்துல இருக்கிற ஐல் சீட்டுக்கு கூடுதல் பணம் கட்டி புக் பண்ணியிருந்தேன். ஒரு தம்பதி வந்து, நாங்க பிரிஞ்சு உக்காந்திருக்கோம், நீங்க எங்க நடு சீட்டுக்குப் போயிடுங்கன்னு கேட்டாங்க, கேட்டாங்கன்னு கூட சொல்ல முடியாது, நான் ஏறும்போதே என் சீட்ல உக்காந்திருந்தாங்க. மாட்டேன்னு சொன்னேன். பத்து மணி நேரமும் என்னைப் பாவி மாதிரி பாத்தாங்க. நான் செஞ்சது சரியா?

பதில்: சரி தான். சீட் மாத்திக் கேக்கிறதுல தப்பே இல்ல, ஆனா கேக்கிறவங்க தன்கிட்ட இருக்கிற நல்ல சீட்டைக் கொடுத்துக் கேக்கணும். ஐல் சீட்காரர்கிட்ட இன்னொரு ஐல் சீட்டையோ, அதை விட முன்னாடி இருக்கிறதையோ காட்டிக் கேட்டா நியாயம், கடைசி வரிசை நடு சீட்டைக் காட்டிக் கேட்டா அது சுமையை உங்க தலையில இறக்கி வைக்கிறது. அதுலயும் நீங்க வர்றதுக்கு முன்னாடியே போய் உக்காந்துக்கிறது எனக்குச் சுத்தமா பிடிக்காத விஷயம், ஏன்னா அப்படிப் பண்ணா நீங்க "முடியாது" ன்னு சொல்றது ஒருத்தரை எழுப்பி விடுற மாதிரி ஆயிடுது, நிறைய பேர் அந்தச் சங்கடத்துக்காகவே விட்டுக் கொடுத்துட்டு ராத்திரி பூரா நொந்துக்கிறாங்க.

காரணம் எதுவும் சொல்லத் தேவையில்ல. "இந்த சீட்டைப் பாத்து புக் பண்ணேன், இங்கயே உக்காந்துக்கிறேன், மன்னிச்சுக்கோங்க" போதும். எழுந்துக்கலன்னா வாக்குவாதம் பண்ணாம போர்டிங் பாஸை எடுத்துட்டு க்ரூகிட்ட போங்க. சின்னக் குழந்தை அம்மாகிட்ட இருந்து பிரிஞ்சு உக்காந்திருந்தா அது வேற கதை, அப்ப நான் மாறிடுவேன், நீங்களும் மாறுவீங்கன்னு தான் நினைக்கிறேன். அப்பவும் க்ரூ மூலமா மாறுறது நல்லது, உங்களுக்கு ஓரளவு நல்ல சீட்டா பாத்துத் தருவாங்க.

கேள்வி: விண்டோ சீட்ல இருக்கேன், அடிக்கடி எழுந்து போக வேண்டிய உடம்பு. ஐல் சீட்காரர் மாத்திரை போட்டுத் தூங்கிட்டார், எழுப்பினா எரிஞ்சு விழுந்தார். அடக்கிட்டே உக்காந்திருந்தேன்.

பதில்: இனிமே அடக்காதீங்க, இது மரியாதை சம்பந்தப்பட்ட விஷயம் இல்ல, உடம்பு சம்பந்தப்பட்டது. நாலு மணி நேரத்துக்கு மேல அசையாம உக்காந்து பயணம் பண்றவங்களுக்குக் கால் ரத்தக் குழாய்ல ரத்தம் உறையிற ஆபத்து ஏறக்குறைய ரெண்டு மடங்காகுதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2007ல வெளியிட்ட ஆய்வு சொல்லுது. மொத்தத்துல பாத்தா அது சுமார் 6,000 பேர்ல ஒருத்தருக்கு வர்ற அளவு தான், பதற வேண்டியதில்ல, ஆனா வயசானவங்க, கர்ப்பிணிகள், சமீபத்துல ஆபரேஷன் பண்ணவங்க, ஏற்கனவே ரத்தம் உறைஞ்ச வரலாறு இருக்கிறவங்க இதை லேசா எடுத்துக்கக் கூடாது. எழுந்துக்கணுமேன்னு பயந்து தண்ணி குடிக்காம இருக்கிறதும் கூடாது, கேபின்ல காத்தோட ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழ தான் இருக்கும், தொண்டையும் மூக்கும் எப்படிக் காயுதுன்னு உங்களுக்கே தெரியும்.

ஏறி உக்காந்ததும், அவர் கண்ணை மூடுறதுக்கு முன்னாடி சொல்லிடுங்க, "நான் ரெண்டு மூணு தடவை எழுந்துப்பேன், நீங்க தூங்கினா தோள்ல தட்டி எழுப்பலாமா?" ன்னு. பெரும்பாலான பேர் தாராளமா எழுப்புங்கன்னு சொல்லுவாங்க, சில பேர் அந்த இடத்துலயே "அப்ப நீங்க ஐல் பக்கம் வந்துடுங்க, நான் உள்ள போய் நிம்மதியா தூங்குறேன்" ன்னு மாத்திப்பாங்க, ரெண்டு பேருக்கும் லாபம். தூங்குறவரைத் தாண்டிக் குதிச்சுப் போக மட்டும் முயற்சி பண்ணாதீங்க, இருட்டுல தடுக்கி அவர் மேல விழுந்தா ரெண்டு பேருக்கும் அடி.

ஐல் சீட்டை எடுத்தவங்களுக்கும் சொல்றேன், சீக்கிரம் வெளிய போற வசதியோட சேந்து எழுந்து வழி விடுற வேலையும் அந்த சீட்ல இருக்கு.

கேள்வி: கை வைக்கிற இடம் யாருக்கு?

பதில்: நடு சீட்காரருக்கு ரெண்டும். ஜன்னல்காரருக்கு சுவர் இருக்கு, ஐல்காரருக்கு வெளிப்பக்கம் ஒண்ணு இருக்கு, நடுவுல மாட்டினவருக்கு வேற எதுவும் இல்ல. எழுதி வச்ச விதி கிடையாது, ஆனா நியாயம் இது தான்.

கேள்வி: பின் சீட்டுக்காரர் செருப்பைக் கழட்டிட்டு வெறும் காலை என் கைப்பிடி மேலயே நீட்டி வச்சார். இன்னொரு தடவை பக்கத்துல இருந்தவர்கிட்ட தாங்க முடியாத வாடை. ரெண்டையும் எப்படிச் சொல்றது?

பதில்: ரெண்டும் ஒண்ணு இல்லங்க. காலை அவரே வச்சார், அவரே எடுக்கலாம், அதனால திரும்பிப் பாத்து "உங்க கால் என் கை வைக்கிற இடத்துல இருக்கு, எடுத்துக்கோங்க" ன்னு தெளிவா சொல்லிடலாம், தயங்க ஒண்ணுமே இல்ல.

வாடை விஷயம் அப்படி இல்ல. அவர் இருபது மணி நேரமா ரெண்டு ஃப்ளைட் மாறி வந்திருக்கலாம், ஏதாவது நோயா இருக்கலாம், மருந்தோட வாடையா இருக்கலாம். முகத்துக்கு நேரா சொன்னா அந்த மனுஷன் மிச்சப் பயணம் முழுக்க உடம்பைச் சுருக்கிட்டு உக்காந்திருப்பார், அவரால அங்க குளிக்கவும் முடியாது. இந்த ஒரு விஷயத்துல மட்டும் நேரா பேசாம முதல்லயே க்ரூகிட்ட போங்க, அதுவும் சீட்ல இருந்து கூப்பிடாம எழுந்து பின்னாடி அவங்க நிக்கிற இடத்துக்குப் போய் மெல்லிசா சொல்லுங்க. காலி சீட் இருந்தா மாத்துவாங்க. இல்லன்னா தலைக்கு மேல இருக்கிற காத்து வர்ற திருகைத் திறந்து உங்க முகத்துக்கு முன்னாடி விழற மாதிரி திருப்பிக்கோங்க, ஓரளவு உதவும். அந்த வாடையை மறைக்க சென்ட்டை எடுத்து உங்க மேல அடிச்சுக்காதீங்க, ஆஸ்துமா இருக்கிறவங்க பக்கத்துல இருந்தா அவங்களுக்கு மூச்சு முட்டும்.

கேள்வி: (பேர் போட வேண்டாம்னு கேட்ட வாசகி) ராத்திரி ஃப்ளைட், தனியா போனேன். பக்கத்துல இருந்தவர் நிறைய குடிச்சிருந்தார், பேச்சு தப்பா போச்சு, விளக்கை அணைச்சதும் தொடைல கை பட்டுச்சு, தெரியாம பட்டிருக்கும்னு நினைச்சேன், மறுபடி பட்டுச்சு. நான் போர்வையைப் போத்திக்கிட்டு ஜன்னல் பக்கம் ஒட்டி உக்காந்திருந்தேன். கத்தியிருக்கணுமா?

பதில்: முதல்ல, அங்க நடந்ததுல உங்க தப்பு ஒரு துளி கூட இல்ல. பயத்துல உடம்பு உறைஞ்சு போறது இயல்பு, நிறைய பேருக்கு அப்படித் தான் ஆகும், ஏன் கத்தலன்னு உங்களையே கேட்டுக் குடைஞ்சுக்காதீங்க.

மேல மத்த பதில்கள்ல நான் சொன்ன மெதுவா பேசுறது, சிரிச்ச முகம், முதல்ல அவர்கிட்டயே சொல்றது, இது எதுவுமே இங்க பொருந்தாது. இந்த மாதிரி நேரத்துல அவர்கிட்ட விளக்கம் கேக்க வேண்டியதில்ல, தெரியாம பட்டுச்சா தெரிஞ்சு பட்டுச்சான்னு நீங்க தீர்ப்பு சொல்ல வேண்டியதில்ல, ரெண்டாவது தடவை வரைக்கும் காத்திருக்க வேண்டியதும் இல்ல. "கையை எடுங்க" ன்னு பக்கத்து வரிசைக்குக் கேக்கிற குரல்ல சொல்லிட்டு எழுந்துடுங்க. குரல் வரலன்னா கால் பட்டனை அழுத்துங்க, இல்ல டாய்லெட்டுக்குப் போற மாதிரி எழுந்து நேரா க்ரூ நிக்கிற இடத்துக்குப் போங்க. அங்க போய் "பக்கத்துல இருக்கிறவர் என்னைத் தொட்டார், நான் அந்த சீட்டுக்குத் திரும்பிப் போக மாட்டேன்" ன்னு ரெண்டே வாக்கியம். "கொஞ்சம் அன்ஈஸியா இருக்கு" ன்னு பூசி மெழுகிச் சொன்னா அவங்க அதைச் சின்ன விஷயமா எடுத்துக்க வாய்ப்பிருக்கு, நடந்ததை நடந்த மாதிரி சொல்லுங்க.

க்ரூவுக்கு இதுல நிஜமான அதிகாரம் இருக்கு. 1963ல கையெழுத்தான டோக்கியோ உடன்படிக்கைப்படி, பாதுகாப்புக்கோ ஒழுங்குக்கோ கேடு பண்ற பயணியைக் கட்டுப்படுத்தவும், கட்டி வைக்கக் கூட, கேப்டனுக்கு உரிமை உண்டு, இறங்குற இடத்துல போலீஸ்கிட்ட ஒப்படைக்கவும் முடியும். முன்னாடி ஒரு சிக்கல் இருந்துச்சு, விமானம் எந்த நாட்டுல பதிவானதோ அந்த நாட்டுக்குத் தான் வழக்கு போட அதிகாரம்னு இருந்ததால இறங்குற நாட்டு போலீஸ் பல சமயம் ஆளை விட்டுடுவாங்க. அதைச் சரி பண்ண 2014ல மான்ட்ரியல்ல ஒரு திருத்தம் கொண்டு வந்தாங்க, 2020 ஜனவரி 1ல இருந்து அது நடைமுறைக்கு வந்திருக்கு, அதுல சேந்த நாடுகள்ல இறங்குற நாடே வழக்கு நடத்தலாம். அதனால க்ரூகிட்ட சொல்லும்போதே "இறங்கினதும் போலீஸ்ல புகார் கொடுக்கணும், கேப்டன்கிட்ட சொல்லுங்க" ன்னு கேளுங்க, ஃப்ளைட் வானத்துல இருக்கும்போதே தகவல் போயிடும், கதவு திறக்கும்போது ஆள் நிப்பாங்க. இறங்கிப் போனதுக்கப்புறம் புகார் கொடுத்தா அந்த ஆள் கூட்டத்துல கலந்து போயிருப்பார்.

அவரோட சீட் நம்பர், நேரம், என்ன சொன்னார், என்ன செஞ்சார், யார் பாத்தாங்க, எந்த க்ரூகிட்ட சொன்னீங்க, எல்லாத்தையும் அப்பவே மொபைல்ல எழுதி வச்சுக்கோங்க.

குடியைப் பத்தியும் சொல்லணும். போதையில இருக்கிறவருக்கு மேல மேல ஊத்தாம நிறுத்த க்ரூவுக்கு உரிமை இருக்கு, அதனால பக்கத்துல ஒருத்தர் தள்ளாட ஆரம்பிச்சாலே, இன்னும் எந்தத் தப்பும் பண்ணலன்னாலும், க்ரூ காதுல போட்டு வைங்க. தன் பையில இருந்து எடுத்துக் குடிக்கிறார்னா கட்டாயம் சொல்லுங்க, அது க்ரூ கணக்குல வராது, அவர் எவ்வளவு குடிச்சார்னு அவங்களுக்குத் தெரியவே தெரியாது. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா கணக்குப்படி 2022ல 568 ஃப்ளைட்டுக்கு ஒண்ணுன்னு இருந்த பயணிகள் ரகளை 2023ல 480 ஃப்ளைட்டுக்கு ஒண்ணுன்னு ஆகியிருக்கு, அதுல குடிபோதை முக்கியமான ஒரு வகை. பக்கத்து சீட்ல ஒரு பெண் ஒடுங்கி உக்காந்திருக்கிறதைப் பாக்குற மத்தவங்களும் "நீங்க ஓகேவா?" ன்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்க. நீங்க போய்ச் சண்டை போட வேண்டாம், கேட்டாலே அவங்களுக்குத் தனியா இல்லன்னு ஒரு தெம்பு வரும்.

கேள்வி: பக்கத்துல இருந்தவர் பயணம் முழுக்க இருமிட்டே வந்தார், மாஸ்க் போடல.

பதில்: நிறைய பேர் நினைக்கிற மாதிரி கேபின்ல ஒரே காத்து முன்னாடியும் பின்னாடியும் சுத்திட்டு இருக்கிறதில்ல. மேல இருந்து வந்து அந்தந்த வரிசையிலயே கீழ தரை ஓரமா இறங்கிடும், பாதி வெளிக்காத்து, மீதி கிருமியைப் பிடிச்சு வைக்கிற ஹெபா ஃபில்டர் வழியா திரும்ப வர்றது, மணிக்கு இருபது முப்பது தடவை காத்து முழுசா மாறும். ஆனா பக்கத்து சீட்ல இருந்து நேரா வர்ற இருமலை ஃபில்டர் ஒண்ணும் பண்ண முடியாது. உங்ககிட்ட ரெண்டு மாஸ்க் இருக்கட்டும், ஒண்ணை அவருக்கு நீட்டுங்க, "எனக்கு உடம்பு சரியில்லாதவங்க வீட்ல இருக்காங்க" ன்னு சொல்லிக் கொடுத்தா பெரும்பாலும் வாங்கிப் போட்டுப்பாங்க. வாங்கலன்னா நீங்க போட்டுக்கோங்க.

கேள்வி: சக்கரம் தரையைத் தொட்டதுமே எழுந்து பையை இறக்கி என் தலையில இடிக்கிறாங்களே.

பதில்: ஃப்ளைட் நின்னு சீட் பெல்ட் விளக்கு அணையிற வரைக்கும் எழுந்துக்கக் கூடாதுங்கிறது விதி, தரையில ஓடும்போது திடீர்னு பிரேக் போட்டா நிக்கிறவரும் விழுவார், அவர் கைல இருக்கிற பத்து கிலோ பையும் உங்க மேல விழும். "சார், விளக்கு இன்னும் எரியுது" ன்னு சொல்லுங்க, க்ரூவும் அவங்க சீட்ல பெல்ட் போட்டு உக்காந்திருப்பாங்க, ஓடி வர முடியாது, அதனால இங்க பக்கத்துல இருக்கிற நாம சொல்றது தான். ஐல் சீட்ல இருந்தா அந்த நேரத்துல தலையைக் கொஞ்சம் உள்பக்கமா சாச்சு வச்சுக்கோங்க.

கேள்வி: வீட்டுக்கு வந்தப்புறம் ஏர்லைன்ஸுக்குப் புகார் எழுதினா ஏதாவது நடக்குமா?

பதில்: ஃப்ளைட்ல க்ரூகிட்ட சொல்லியிருந்தா நடக்க வாய்ப்பு அதிகம், சொல்லலன்னா குறைவு, ஏன்னா அவங்க முதல்ல க்ரூ எழுதி வச்ச ரிப்போர்ட்டைத் தான் எடுத்துப் பாப்பாங்க. அதனால பெரிய விஷயம்னா இறங்குறதுக்கு முன்னாடியே "இதை உங்க ரிப்போர்ட்ல எழுதிடுங்க" ன்னு கேட்டுடுங்க. புகார்ல தேதி, ஃப்ளைட் நம்பர், உங்க சீட், அவர் சீட், எத்தனை மணிக்கு யார்கிட்ட சொன்னீங்க, அவங்க என்ன செஞ்சாங்க, இவ்வளவையும் ஒரு பக்கத்துக்குள்ள எழுதுங்க. உங்களுக்கு என்ன வேணும்னும் கடைசியில தெளிவா சொல்லுங்க, சீட்டுக்குக் கட்டின கூடுதல் பணமா, நடவடிக்கையா, பதிலா, எதுன்னு. அந்தப் பயணியோட பேரைக் கேட்டா தர மாட்டாங்க, அது அவரோட தனிப்பட்ட விவரம், ஆனா நீங்க சீட் நம்பரைச் சரியா கொடுத்துட்டா போதும், அதுல யார் உக்காந்திருந்தாங்கங்கிறது அவங்க லிஸ்ட்ல இருக்கும்.